திருநீறு போட்டுத் தேய்த்த கண்ணாடி

வீட்டுக் கண்ணாடிக்குப் பூச்சு முதுகில் இருக்கும். அச்சுக்குப் பிலிம் எடுக்கும் எங்கள் பிராசஸ் கேமராவின் கண்ணாடிக்கோ அலுமினியப் பூச்சு முகத்திலேயே. வெங்காயச் சருகுகூட அதைவிடத் தடிமன். விரல் பட்டாலே போச்சு. தூசியை ஊதித்தான் தள்ள வேண்டும். இதை வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! செவிடன் காதில் ஊதிய சங்கு.

தொண்ணூறுகளின் தொடக்கம். பனியன் பிரிண்டிங்குக்குப் பிலிம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். தங்கைக்குப் பிரசவம் என்று பல்லடம் போனவள், ஆயுத பூசையை மாமனாரிடம் விட்டிருந்தேன். திரும்பி வந்து கேமராவைத் திறந்தால் கண்ணாடியில் பட்டையாகத் திருநீறு, நடுவில் சந்தனம், குங்குமம். பூச்சு திட்டுத்திட்டாகப் போயிருந்தது.

"என்னங்க மாமா இது?" கத்தியேவிட்டேன்.

"மங்கலாக் கெடந்துச்சு அம்மிணி. துண்ணூறு போட்டு நல்லா அழுத்தித் தேச்சு உட்டேன். நம்மூட்டுக் கண்ணாடியெல்லாம் அப்பிடித்தானே தொடைக்கறோம்?"

தலையில் அடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து, சாம்பிள் பனியனுக்குப் பிலிம் கேட்டு வாடிக்கைக்காரர் பாய் வந்து நின்றார். வருடக்கணக்காக மற்ற கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்தவர், முதன்முதலாகத் தன் பெயரிலேயே ஓர் எக்ஸ்போர்ட் ஆர்டர் பிடித்திருந்தார். மறுநாள் கூரியரில் சாம்பிள் போகாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

"தங்கச்சி, உன்னய நம்பித்தாம்மா இருக்கேன். இது போச்சுன்னா மறுபடி ஜாப் ஒர்க்தான்" என்றார்.

புதுப் பூச்சுக்குக் கண்ணாடியைப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். அங்கே வெற்றிடப் பெட்டிக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைப்பார்கள், வாரக்கணக்கில் ஆகும். வேறு வழியில்லாமல், முகம் பார்க்கும் கண்ணாடியையே கடையில் வெட்டி வாங்கி வந்து மாட்டினேன். பயந்தபடியே ஆயிற்று. முதுகுப் பூச்சில் ஒரு பிம்பம், கண்ணாடியின் முகத்தில் இன்னொரு பிம்பம். பிலிமில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓரத்தில் மெல்லிசாக ஒரு நிழல். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. பாய் அதையே வாங்கிப் போய், பிரிண்ட் போட்டு அனுப்பிவிட்டார்.

புதுப் பூச்சோடு கண்ணாடி வந்த வாரமே சாம்பிளும் அப்ரூவ் ஆகிவிட்டது! மற்ற சைஸ்களுக்கு ஆசை ஆசையாகப் பிலிம் எடுத்தேன். எழுத்தெல்லாம் கத்தியால் வெட்டினாற்போல் சுத்தம். பெருமையாக நீட்டினேன்.

பாய் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஏம்மா, நெழலு எங்க?"

"அது தப்புங்க பாய். இதுதானுங்க சரி."

"சரியோ தப்போ, அப்ரூவ் ஆனது அதுதானே! நெழலு புடிச்சிருக்குன்னு பாரின்காரன் ஃபேக்ஸ்லயே எழுதியிருக்கான். பல்க் ஆர்டர்ல அது இல்லேன்னா அத்தன பீசும் ரிஜெக்ட். நான் எங்க போயி நிப்பேன்?"

திருப்பூரில் அப்ரூவ் ஆன சாம்பிள் வேதவாக்கு. அதில் பொத்தான் கோணலென்றால் ஆயிரம் பனியனிலும் கோணலாகவே இருக்க வேண்டும். இந்தக் கூத்தை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? பெங்களூர்க் கண்ணாடியை என் கையாலேயே கழற்றினேன். மூலையில் சாத்தியிருந்த கடைக்கண்ணாடியை மறுபடி மாட்டினேன்.

பிலிம் காய்ந்து அந்தப் பாழாய்ப்போன நிழல் தெரிந்ததும், பாய் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். "பொழச்சேன் தங்கச்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எடுத்ததிலேயே கேவலமான பிலிம் அது. அதற்குத்தான் ஒரு மனுசர் என் முன்னால் நன்றி சொல்லி அழுதார்.