இன்னா தொலைஞ்சுது?

கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன என் மகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் எண் ஒன்றுதான். அவளைத் தேடி நெல்லிவாசல் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்தபோது, என் போன் மலைப்பாதையில் எங்கோ விழுந்துவிட்டது. அடிவாரத்து ஒடுகத்தூர் போன் கடையில், "தொலைஞ்சுதுன்னு உறுதிமொழிப் பத்திரம் குடுத்தாதான் அதே நம்பர்ல சிம் தருவோம்" என்றார்கள்.

வக்கீல் அலுவலகத்தில் பத்திரம் டைப் அடித்த பெண் நிமிராமலே, "இன்னா தொலைஞ்சுதுங்க?" என்று கேட்டாள்.

"என் பொண்ணும்மா" என்று சொல்லி உடைந்து அழுதேன்.

அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். காத்திருந்தவர்களிடம், "கொஞ்சம் இருங்க, வந்துர்றேன்" என்றாள். வக்கீலிடம் கையெழுத்து வாங்கி, கடைக்கும் கூடவே வந்து, புது சிம்மைத் தன் போனிலேயே போட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் அது அடித்தது.

"ஏம்மா போனே எடுக்கல?" என்று அழுதாள் மகள்.

"எடுத்துட்டேன் கண்ணு, வூட்டுக்கு வா."

அந்தப் பெண் கேட்டது போனைப் பற்றித்தான். ஆனால் என் பதிலை அவள் திருத்தவே இல்லை.