ஜவ்வரிசிக் களத்தில் வீல் அலைன்மெண்ட்

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். நாமக்கல்லில் ஒரு வீல் அலைன்மெண்ட் கடையில் சேர்ந்த அன்றே ஓனர் சொன்னார்: "பொம்பளப் புள்ளைக்குப் பிட்டு எதுக்கு சாமி? கம்ப்யூட்டர்ல உக்காரு."

பிட்டு என்பது காருக்கு அடியில் இருக்கும் பள்ளம். அதில் நின்று, சக்கரத்தின் கோணத்தை மாற்றும் டைராடு கம்பியைத் திருகுவது ஆண்கள். சக்கரம் நேராகிவிட்டது என்று திரையில் பச்சை வந்ததும் அளவுத் தாளை எடுத்துக் கையெழுத்துப் போடுவது நான். எட்டு மாதம் போட்டேன். பிட்டில் இறக்கச் சொல்லி நச்சரித்ததும், "உன்ற காரை ஊட்லயே நீ சரி பண்ணிக் கொண்டா. மிஷின்ல பச்ச காட்டுச்சுன்னா எறக்கறேன்" என்றார்.

தவணையில் வாங்கிய பழைய கார் ஒன்று வீட்டில் இருந்தது. ஆனால் எங்கள் வாசல் சரிவு. அலைன்மெண்டுக்குத் தரை மட்டமாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் அம்மா வேலை பார்க்கும் சேகோ ஃபேக்டரி. ஜவ்வரிசி காயப்போடும் சிமெண்ட் களம் ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும். டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்துக் காரை நிறுத்தினேன். ஸ்டீயரிங்கை நேராக்கிக் கட்டினேன். இரண்டு பக்கமும் நைலான் நூல் இழுத்து, நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் ஸ்கேலால் அளந்தேன். டைராடைக் கால் சுற்று திருப்பி, காரை உருட்டி, நூலைச் சரிபார்த்து, மறுபடி அளந்தேன்.

"தறிக்கு ஓட்டற மாதிரி காருக்குப் பாவு ஓட்டறயா சாமி?" என்று அம்மா சிரித்தார்.

மாலைக்குள் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தது.

திங்கட்கிழமை மிஷினில் ஏற்றினோம். சிவப்பு. "அந்த நூல்ல பூக் கட்டுங்கக்கா" என்றது பிட்டிலிருந்து ஒரு குரல்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஓனரின் கார் ஓரமாக நின்றது. மூன்று மாதம் முன்பு நான் பச்சைத் தாள் கொடுத்த கார். முன் டயரில் உள்ளங்கையை வைத்தேன். உள்பக்கமாகத் தடவினால் வழுக்கியது. வெளிப்பக்கமாக இழுத்தால் அரம்போலப் பிடித்தது. சக்கரம் கோணலாக ஓடினால்தான் டயர் இப்படித் தேயும். அங்கேயே நூல் கட்டினேன். ஐந்து மில்லிமீட்டர் கோணல்.

விசாரித்ததில் தெரிந்தது: மிஷினின் சென்சார் ஒன்று எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. அதன் பிறகு அது காட்டும் அளவு சரிதானா என்று யாரும் காலிபரேஷன் பார்க்கவில்லை.

ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆளை வரச்சொல்லி மிஷினைச் சரி பண்ணிக்கலாம். வெளிய மூச்சு உடாத."

"ஏற்கெனவே தாள் வாங்கிட்டுப் போனவங்களுக்குங்க?"

"தாள்ல ஆரு கையெழுத்து சாமி? என்னுதா?" தாள் கட்டை என் பக்கம் தள்ளினார். "மிஷின் சரியானதும் பிட்டுல நீயே எறங்கு."

இறங்கினேன்.

முதலில் வந்தது ஒரு வாடகைக் கார். ஓட்டி வந்தவர் முன்பு என் கையெழுத்தோடு தாள் வாங்கிப் போனவர்தான். இரண்டு முன் டயரும் புதுசு. "பழசு நாலே மாசத்துல தேஞ்சு போச்சுங்க அம்மிணி. நம்மூரு ரோடு அப்பிடி" என்றார்.

டைராடைத் திருகிக்கொண்டே, "ஆமாங்கண்ணா" என்றேன்.

பிட்டில் எப்படி இடம் பிடித்தீர்கள் என்று இப்போது படித்துவிட்டு வரும் பெண்கள் கேட்கிறார்கள். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. நூல் கட்டப் பழகுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கட்டுங்கள். போட்ட பிறகு கட்டினாலும் அளவு சரியாகத்தான் வரும். அதைச் சொல்லத்தான் வாய் வராது.