கஞ்ச டாக்டர்

மனநலப் பிரிவின் நான்காம் அறையில் உட்காரும் டாக்டருக்கு நோயாளிகள் வைத்த பெயர் கஞ்சன். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்கள் உலகத்தில் உண்டு. இவர் மாத்திரை எழுதமாட்டார். மூன்றாம் அறைக்குப் போனால் சீட்டு நிறைய வாங்கிக்கொண்டு, வியாதிக்கு உரிய மரியாதை கிடைத்த திருப்தியோடு வெளியே வரலாம். இவரிடம் ஐந்து மாத்திரையோடு போனவர் மூன்றோடு திரும்புவார், வழிப்பறிக்கு ஆளானவர் முகத்தோடு.

"புதுசா ஒண்ணு சேக்கறதுக்கு முன்னாடி, இருக்கறதுல எது குற்றவாளின்னு பாருங்க" என்று புதிய டாக்டர்களுக்கு வருடம் ஒருமுறை வகுப்பு எடுப்பார். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். "மாத்திரை இல்லாம தூங்குறாங்களே, அதுவரைக்கும் லாபம்" என்பார்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வீட்டில் இருக்கும் அத்தனை மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லி, மேசைமேல் கொட்டச் சொல்வார். கண் சொட்டு, இருமல் தண்ணி, பக்கத்து வீட்டுக்காரி அன்போடு கொடுத்த தூக்க மாத்திரை, பெயர் கிழிந்த அட்டைகள் எல்லாம் வந்து விழும். ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, "இது எதுக்கு?" என்பார். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அந்த அறியாமைதான் இருபத்தாறு வருடமாக அவருக்குச் சோறு போட்டது.

ஆனால் கொட்டி அள்ளப் பத்து நிமிடம் ஆகும். காலையில் எண்பது பேர். எனவே நாலு வருடமாகப் பழைய நோயாளிகளிடம் பையைக் கேட்பதை விட்டுவிட்டார். அவர்களைத்தான் தெரியுமே. தெரிந்தவர்களைத்தான் மனிதன் பார்ப்பதே இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். வகுப்பில் அதையும் சொல்வார்.

தையல்காரம்மா பதினாறு வருடப் பழக்கம்; மனம் எல்லை மீறி ஏறி இறங்கும் வியாதிக்கு லித்தியம் சாப்பிடுபவர். அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் கணவர். பொருள் கிடங்கில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு சுத்தமான டப்பா.

தையல்காரம்மா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். பேனா உருண்டது.

"பாருங்க டாக்டர். மிஷினே இல்லாம கை தைக்குது."

ஆறு வாரத்துக்கு முன் வந்தபோது லேசாக நடுங்கியது. அன்றைக்கு அவர் எழுபத்தோராவது ஆள். அபூர்வமான தாராளத்தோடு நடுக்கத்துக்கென்று ஒரு சின்ன மாத்திரை எழுதி அனுப்பியிருந்தார் டாக்டர்.

"அந்த லித்தியத்தை நிறுத்திடுங்க. கை போச்சுன்னா நான் போனேன்."

"பதினோரு வருஷம் முன்னாடி நீங்களா நிறுத்தினீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அஞ்சு நாள் தூங்கல சார்" என்றார் கணவர். "வாடிக்கைக்காரங்க துணி, ஜன்னல் திரை, என்னோட பேன்ட்டு, எல்லாத்தையும் வெட்டி நாப்பத்திமூணு கவுன் தச்சா. அப்புறம் ஆறு மாசம் கட்டிலை விட்டு எந்திரிக்கல."

"நாப்பத்திமூணும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் தையல்காரம்மா.

டாக்டர் சிரிக்கவில்லை. அந்தம்மா பேசும்போது நாக்கு லேசாகக் குழறுவதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"வயித்தால போகுதா?"

"நாலு நாளா."

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இல்லவே இல்ல" என்று கணவர் டப்பாவைத் திறந்து காட்டினார். "தலை டப்பாவுல இருக்கறது மட்டும்தான்."

"தலை டப்பாவா?"

"தலைக்கு ஒண்ணு, உடம்புக்கு ஒண்ணு. உடம்பு டப்பாவை முட்டி டாக்டர்கிட்ட கொண்டுபோவேன். இங்க கொண்டுவந்து உங்க நேரத்தை வீணாக்கலாமா?"

வாழ்நாள் முழுக்கச் சிமென்ட் மூட்டையையும் சர்க்கரை மூட்டையையும் தனித்தனியாக அடுக்கிய மனிதர். ஒன்றோடு ஒன்று கலப்பது அவருக்குப் பாவம்.

"முட்டிக்கு என்ன குடுத்தாங்க?"

"ரோஸ் கலர் வலி மாத்திரை. ரெண்டு மாசமா, காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. ஒரு வேளை தவறினதில்ல."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். லித்தியம் உடம்பை விட்டு வெளியேறும் வாசல் சிறுநீரகம். அந்த ரோஸ் மாத்திரை வாசலைப் பாதி சாத்திவிடும். உள்ளே தங்கியது ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ரத்தத்தில் அளவு பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நடுக்கம், உடம்பு அடித்த மணி. அவர் அந்த மணியின் நாக்கில் பஞ்சு சுற்றி அனுப்பியிருந்தார்.

"சிஸ்டர், உடனே ரத்தம் எடுங்க. இவங்களை வார்டுல சேக்கணும். லித்தியம், வலி மாத்திரை ரெண்டும் இந்த நிமிஷத்துல இருந்து கிடையாது."

மதியம் முடிவு வந்தது. இருக்க வேண்டியதுபோல் இரண்டு மடங்கு. டாக்டர் நோயாளிக் குறிப்பில் நடந்ததை எழுதினார்: போன தடவை வேறு மருந்து உண்டா என்று கேட்கவில்லை, ரத்தம் பார்க்காமல் நடுக்கத்துக்கு மாத்திரை சேர்த்தேன். நர்ஸ் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"எதுக்கு சார் வேலில போறதை எடுத்து மடியில கட்டிக்கிறீங்க? எண்பது பேரைப் பாத்தா யாருக்கும் விட்டுப்போகும்."

"விட்டுப்போனதைத்தானே எழுதுறேன்."

கட்டிலருகே போய் அவர்களிடமும் சொன்னார். கணவர் முகம் வெளிறியது. "நான்தான் சார் பிரிச்சு வச்சேன்."

"நீங்க அடுக்கினது தப்பில்ல. கேக்க வேண்டியது என் வேலை."

தையல்காரம்மா டிரிப் ஏறும் கையைப் பார்த்தபடி, "அப்ப போன தடவை குடுத்த மாத்திரை, மாத்திரை செஞ்ச வேலைக்கு மாத்திரையா?" என்றார்.

"ஆமா."

"நல்லா இருக்கு கதை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் அளவு இறங்கி, நாக்கு நேராகி, கையும் பெருமளவு அடங்கியது. இனிதான் சங்கடம். லித்தியத்தை மறுபடி தொடங்குவதா, வேண்டாமா?

"சும்மா விட்டா பழையபடி வரலாம். வேற மருந்துக்கு மாத்தலாம். அது உங்களுக்கு ஒத்துக்குமான்னு தெரிய மாசக்கணக்காகும். இல்ல, இதையே முன்னைவிடக் குறைச்சுக் குடுத்து, அடிக்கடி ரத்தம் பாக்கலாம். முட்டிக்கு வேற மாத்திரை எழுதச் சொல்லி அந்த டாக்டர்கிட்ட பேசிட்டேன்."

"நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

"நான் இதையே குறைச்சுக் குடுப்பேன். ஆனா கை உங்களோடது."

"நடுங்குமா?"

"கொஞ்சம் நடுங்கலாம்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்றார். தையல்காரம்மா டாக்டர் பையிலிருந்த பேனாவை எடுத்து, பழைய சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். நடுவில் ஓரிடத்தில் கோடு வளைந்து, பிறகு தன்னைத் திருத்திக்கொண்டது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த அளவுன்னா மிஷின் ஓட்டலாம். வெட்டறதுக்கு ஆள் வச்சுக்கணும். பட்டனுக்குக் காஜா எடுக்கறது இனி இல்ல." பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "எழுதுங்க."

அவர் எழுதினார்.

"ஒரு வாரத்துல ரத்தம் குடுக்க வரணும். வராம இருந்துடாதீங்க."

"நான் வந்துடுவேன் டாக்டர்" என்றார் தையல்காரம்மா, போர்வையை மடித்துக்கொண்டே. "நீங்க கேக்காம இருந்துடாதீங்க."