பஞ்சாமிர்தம் வேண்டாம் முருகா

என் மகள் வள்ளி சாப்பிடமாட்டாள். அடம் என்று ஊர் சொன்னது. செல்லம் என்று உறவு சொன்னது. குழைந்த சோறு விரலில் பட்டாலே உடம்பு கூசி அழுவாள். குழம்பு கொதிக்கும் வாசனைக்கே குமட்டுவாள். முறுகலாக வார்த்த வெறும் தோசைதான் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது.

எங்கள் ஊர் மலைமேல் பண்ணைக்காடு. பல வருடம் பழனி படியேறிக் கேட்டு, நாற்பதை நெருங்கும்போது பெற்ற பிள்ளை அவள். அன்றாடம் நடப்பதை எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இதில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

போன தை மாதம் பழனியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள்.

"சாமி குடுத்த புள்ள, சாமி பிரசாதத்தைத் துப்பலாமா மதினி? மூக்கப் பிடிச்சு ஊட்டுங்க, தன்னால எறங்கும்."

நான் முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம், தோசைக்குள் பஞ்சாமிர்தத்தைத் தடவி, மடித்து, வள்ளியின் கையில் கொடுத்துவிட்டாள். பிரசாதம் உள்ளே போனால் பிள்ளை சரியாகிவிடும் என்று நம்பித்தான் செய்தாள். வள்ளி ஒரு கடி கடித்தாள். அலறல் கேட்டு ஓடினேன். மூச்சு முட்டும்வரை வாந்தி எடுத்தாள்.

அத்தோடு தோசையும் போயிற்று. அதற்குள் என்ன ஒளிந்திருக்குமோ என்ற பயம். பிறகு யார் கொடுத்த எதையும் வாங்கவில்லை. தண்ணீரைக்கூட முகர்ந்துவிட்டுத் தள்ளினாள். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள்.

"இது அடம் இல்லம்மா. நமக்குச் சாதாரணமாப் படுறது அவ நாக்குக்குத் தாங்கல. கட்டாயப்படுத்தாதீங்க" என்றார் டாக்டர். வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்று சேர்த்துச் சொன்னார்: "திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் சாப்பிடலைன்னா மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் ஆகணும்."

வாசனையே தாங்காத பிள்ளையின் மூக்கில் குழாய். நான் உடைந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கிளம்பி, பெருமாள்மலையில் பஸ் மாறிப் பழனிக்குப் போனோம். நாத்தனாரும் வந்து சேர்ந்துகொண்டாள். சன்னதியில் எல்லோரும் காவடி, மொட்டை என்று நேர்ந்துகொண்டிருந்தார்கள். நான் சண்டை போட்டேன்.

'முருகா, நீ கொடுத்த பிள்ளை. இவள் நாக்கையும் நீதான் கொடுத்தாய். இனி உன் பிரசாதமே ஆனாலும் இவள் வாயில் திணிக்க விடமாட்டேன். இதுதான் என் நேர்த்திக்கடன். கோபம் வந்தால் என்மேல் காட்டு. பிள்ளையைச் சாப்பிட வை.'

வெளியே வந்ததும் நாத்தனார் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம்."

"சாமி குத்தம் மதினி!"

"குத்தம் எனக்கு வரட்டும். நீ டப்பாவை மூடு."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள்.

அடிவாரத்தில் ஒரு பாயின் பொரிக்கடை. வாசலில் வாய் திறந்த மூட்டை. வள்ளி என் கையை விட்டுவிட்டு அதற்குள் கையை நுழைத்தாள். சலசல என்று அளைந்தாள். எதைத் தொடவும் கூசுகிற பிள்ளை!

"பாப்பா மூட்டையக் கவுத்துரும் போலயே" என்று சிரித்தார் பாய்.

"கோவிச்சுக்காதீங்க பாய்..."

"கவுத்தா அள்ளிக்கலாம்மா. பொரிதானே, பாலா என்ன?"

வள்ளி ஒரு பொரியை எடுத்தாள். முகர்ந்தாள். நாக்கில் வைத்தாள். நொறுங்கியது. இன்னொன்று எடுத்தாள். பிறகு ஒரு பிடி. நாத்தனார் கைதட்டப் போனாள், கண்ணால் அடக்கினேன். பஸ் பெருமாள்மலை வரும்வரை மடியில் பொரிப் பையோடு கொறித்துக்கொண்டே வந்தாள். தண்ணீரும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் பார்த்தார். டியூப் வேண்டாம் என்றார். அங்கேயே நின்று அழுதேன்.

அதன் பிறகு டாக்டர் சொன்ன சாப்பாட்டுப் பயிற்சிக்குத் தவறாமல் அழைத்துப் போகிறேன். என் வீட்டில் எதற்குள்ளும் எதையும் ஒளிப்பதில்லை. அவள் கண் முன்னால் வார்த்து வார்த்துத் தோசை திரும்பி வந்தது. ஆடியில் ஆப்பிள் துண்டும் வந்தது. குழைந்த சோறு இன்னும் ஆகாது. ஆகாவிட்டால் போகட்டும்.

"இன்னுமா பஞ்சாமிர்தம் குடுக்கல?" என்று இப்போதும் கேட்கிறார்கள். கேட்கட்டும். முருகனிடம் நேருக்கு நேர் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவன் கோபிக்கவில்லை, பிள்ளையைச் சாப்பிட வைத்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை தட்டைப் பார்த்து அழுகிறதா? டாக்டரிடம் காட்டுங்கள். முருகனிடமும் கேளுங்கள். அழுது கேட்க முடியாவிட்டால் சண்டை போட்டுக் கேளுங்கள். பிள்ளையின் மூக்கை மட்டும் பிடிக்காதீர்கள். அவன் கொடுத்த பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று அவனுக்குத் தெரியும்.