அடிக்காத கள் வாடை

சாந்தோம் குப்பத்தில் எவன் தள்ளாடி விழுந்தாலும் அந்தோணியம்மாள் வந்துவிடுவாள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து அவன் வாயை மோந்து பார்ப்பாள். "ரெண்டு கையும் தூக்கு. உன் பேரச் சொல்லு" என்பாள். விடலைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவள் பட்டது அவர்களுக்கு என்ன தெரியும்?

அவள் புருஷன் மிக்கேல் கட்டுமரக்காரன். கள்ளுக்கடையே கதி என்று கிடந்தவன். குடித்தால் நாக்கு குழறும், கால் பின்னும், சோற்றுச் சட்டி பறக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், இனித் தொடுவதில்லை என்று மாதா கோயிலில் மண்டியிட்டுச் சத்தியம் பண்ணினான். அந்தோணியம்மாள் நம்பினாள், ஆனால் அரை மனசோடுதான். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்பது அவள் கட்சி.

ஐப்பசியில் ஒரு காலை, கடலிலிருந்து வந்தவன் வலையைக் கைநழுவ விட்டான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஏதோ சொன்னான், கொழகொழவென்று வந்தது.

"சத்தியம் பண்ண வாயா இது? குடிச்சிட்டுத்தான வந்துகீற?" என்று கத்திவிட்டுக் கூடையோடு மயிலாப்பூருக்கு நடந்தாள்.

மத்தியானம் திரும்பியபோது அவன் நன்றாக இருந்தான். "மாதா மேல ஆணையா குடிக்கல அந்தோணி. கை மரத்துப் போச்சி, அப்பால சரியாயிடுச்சி" என்றான்.

"தெளிஞ்சிடுச்சின்னு சொல்லு" என்றாள் அவள். அதன் பிறகு முகம் கொடுத்தே பேசவில்லை.

அடுத்த வாரம் அவள் விற்றுவிட்டு வரும்போது, மிக்கேல் குடிசை வாசல் மணலில் சாய்ந்து கிடந்தான். கடைவாயில் எச்சில் வழிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய் உலை வைத்தாள். சோறு வெந்து இறங்கியது. அவனைக் கூப்பிடவில்லை.

கருவாடு வாங்க ராயப்பேட்டையிலிருந்து வந்த அமீனா பீதான் ஓடிவந்தாள். "இன்னா அந்தோணி, ஊட்டுக்காரரு அப்படிக் கெடக்குறாரு, நீ சோறு வடிச்சிக்கினு கீற?"

"குடிச்சவன் தானா எழுந்து வருவான்."

"மோந்து பாத்தியா நீ? ஒரு வாடையும் இல்ல. எங்க மாமாவுக்கும் இப்படித்தான் ஒரு பக்கம் இழுத்துச்சி. இது பாரிசவாயு!"

அந்தோணியம்மாள் குனிந்து மோந்தாள். கடல் உப்புதான் வீசியது. அவன் கையைத் தூக்கிப் பார்த்தாள், அது தொப்பென்று மணலில் விழுந்தது.

புறா ரத்தம் தேய்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அமீனா பீ காதில் வாங்கவில்லை. கைவண்டி பிடித்து ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குத் தள்ளவைத்தாள்.

"இதுக்கு முன்னால இப்படி வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"வந்துச்சிங்கய்யா. நான் குடின்னு நெனச்சேன்."

"தானா சரியாப் போனாலும் அது எச்சரிக்கைம்மா. அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும். தப்பிச்சிருப்பார்னு சொல்ல முடியாது, ஆனா பார்த்திருக்கலாம்."

மிக்கேல் மூன்று வருஷம் பாயில் கிடந்து போய்ச் சேர்ந்தான். பேச்சு திரும்பவேயில்லை. "நீ குடிக்கலய்யா, எனக்குத் தெரியும்" என்று கஞ்சி ஊட்டும்போதெல்லாம் சொல்வாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். மன்னித்தானா இல்லையா, அது அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

பின்னொரு நாள் கரையில் பொன்னுரங்கம் விழுந்து கிடந்தான். அவள் ஓடிப்போய் மோந்தாள். கள் வாடை குப்பென்று அடித்தது. அவன் இரண்டு கையையும் தூக்கினான், தன் பேரைச் சொன்னான், கூடவே அவளையும் வாய்நிறையத் திட்டினான். ஒரு காலத்தில் அந்த வாடைக்கே சாபம் விட்டவள், மணலில் உட்கார்ந்து அழுதாள்.

"குடிச்சித்தான் கீறான்" என்றாள். "மாதாவே, குடிச்சித்தான் கீறான்."