டிரையர் ரூமுக்குப் போன டேப்புகள்

குன்னூரில் ஒரு டீ கம்பெனி ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் சிஸ்டம்ஸ் பிரிவைப் பார்த்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். என்னிடம் இருந்தவை ஒரு சர்வர், ஒரு டேப் டிரைவ், ஒரு மேனேஜர். முதல் இரண்டையும் ரிப்பேர் செய்யலாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பழைய ரிஜிஸ்டர்களை, பிரசவ ரிஜிஸ்டர் உட்பட, ஸ்கேன் செய்து, கேசட் போன்ற ஆறு கம்ப்யூட்டர் டேப்பில் ஏற்றியிருந்தோம். முடிந்ததும், பூஞ்சை பிடித்த புத்தகங்கள் இனி எதற்கு என்று மேனேஜர் அவற்றை ஃபேக்டரி அடுப்புக்கு அனுப்பிவிட்டார். இடம் போதவில்லை என்று சர்வரிலிருந்தும் அழிக்கச் சொன்னார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பிறந்ததற்கு அந்த ஆறு டேப்தான் மிச்ச சாட்சி. நகல் எடுக்க இன்னொரு டிரைவ் கேட்டேன்.

“ஏனுங்க ஸ்டெல்லா, ஒத்த அடுப்புல சோறும் கொழம்பும் ஆக்கறதில்லையா? ஒண்ண எறக்கி வெச்சுட்டு இன்னொண்ண ஏத்துங்க” என்றார்.

அவர் வாழ்நாளில் சோறு ஆக்கியவர் இல்லை.

ஒற்றை டிரைவில் நகல் எடுப்பது இப்படி. மூல டேப்பைப் போட்டு, சர்வர் டிஸ்க்கில் காலி இடம் உள்ளமட்டும் இறக்க வேண்டும். அதை வெளியே எடுத்து, புது டேப்பைப் போட்டு, இறக்கியதை எழுத வேண்டும். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். பிறகு டிஸ்க்கை அழித்துவிட்டு மறுபடி மூல டேப். ஒரு டேப்புக்கே ஏழெட்டு சுற்று ஆகும். கை மாறி மூலத்தின் மேலேயே எழுதிவிட்டால் கதை முடிந்தது. அதனால் மூல டேப் ஒவ்வொன்றிலும் எழுதவிடாத பூட்டைத் தள்ளி, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். நடுநடுவே கரண்ட் வேறு போகும். ஐந்து வாரம் ஆயிற்று.

முடித்த அன்றே அடுத்த உத்தரவு. இரண்டு செட்டையும் ஃபேக்டரியில் டீ உலர்த்தும் டிரையர் ரூமில் வைக்க வேண்டுமாம்.

“குன்னூர் ஈரத்துல டேப்பு பூத்துப் போயிருமுங்க. டிரையர்கிட்ட டீத்தூளே நமுக்கறதில்ல, டேப்பா நமுக்கும்?”

டீக்காரருக்கு உலகத்தில் ஒரே எதிரி ஈரம். டேப்புக்குச் சூடும் ஆகாது, தூசியும் ஆகாது, இரண்டு செட்டும் ஒரே ரூமில் இருந்தால் நகல் எடுத்ததே வீண் என்று சொன்னேன்.

“உங்களுக்கு டீயப் பத்தி என்னங்க தெரியும்?” என்றார். நான் பேசியது டேப்பைப் பற்றி.

சிவப்பு ஸ்டிக்கர் செட்டை மட்டும் அனுப்பினேன். “நகல இன்னும் சரிபார்த்து முடியலைங்க” என்று ஒரு வருடம் பொய் சொன்னேன். நகல் செட் ஆபீஸில் என் பீரோவுக்குள், பழைய ஸ்வெட்டருக்கு அடியில் இருந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை இராஜம்மா வந்தார். அரவேணுப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவருடைய அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். இராஜம்மாவின் மகளுக்கு நர்ஸிங் சீட் கிடைத்திருந்தது. ஆனால் அவள் பிறப்பை அப்போது யாரும் பதியவில்லை. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் பக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் காட்டினால்தான் பிறப்புச் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் சீட்.

“பிள்ள நம்ம ஆஸ்பத்திரிலதான் பொறந்துச்சுன்னு தோட்டத்துக்கே தெரியும்ங்கம்மா. காயிதம் கேக்குறாங்களே” என்றார்.

டிரையர் ரூமிலிருந்து டேப்புகள் வந்தன. இடத்தை அடைக்கிறது என்று யாரோ அவற்றின் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கழற்றி எறிந்திருந்தார்கள். எல்லாவற்றின் மேலும் பழுப்புப் பஞ்சாக டீத்தூசி. துடைத்துவிட்டு, வேண்டிய டேப்பை டிரைவில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது, அது என் தப்பு. டிரைவ் கொஞ்ச நேரம் அரைத்துவிட்டு நின்றது. டேப்பைப் படிக்கும் ஹெட் அழுக்கு என்று விளக்கு எரிந்தது. ஹெட்டைத் துடைக்கும் கிளீனிங் டேப் எப்போதோ தீர்ந்திருந்தது. புதிது கேட்டு நான் எழுதிய இண்டென்ட் மூன்று மாதமாக மேனேஜர் மேஜையில் கிடந்தது.

நகல் செட் என்னிடம் இருப்பதை மேனேஜரிடம் சொன்னேன்.

“என் ஆர்டர மீறி ஒளிச்சு வெச்சிருக்கீங்களா? மெமோ குடுக்கறேன் பாருங்க!” என்று கத்தினார். ஒரு மூச்சு விட்டார். “செரி, அதை எடுத்துப் போடுங்க.”

“போட மாட்டேனுங்க. ஹெட்டு அழுக்கா இருக்கு. இதுவும் கெட்டுப்போகும்.”

“அந்தம்மா வெளிய உக்காந்திருக்காங்கல்ல? போடுங்கன்னா!”

“அவங்க உக்காந்திருக்கறதாலதானுங்க போட மாட்டேங்கறேன்.”

நகல் டேப்பைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். புத்தகத்தை எரித்தவர், சர்வர் பிரதியை அழித்தவர், கடைசிப் பிரதியையும் அவசரத்தில் நாசமாக்கப் பார்க்கிறார்.

கோயம்புத்தூர் கடைக்குப் போன் செய்து, கிளீனிங் டேப்பை பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். புதன்கிழமை மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. இராஜம்மா அன்றும் வேலையை விட்டுவிட்டு வந்து ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்திருந்தார். வியாழன் மதியம் பார்சல் வந்தது. இரண்டு முறை கிளீன் செய்தேன். ஒரு காலி டேப்பில் எழுதிப் படித்துப் பார்த்தேன். அதன்பிறகே நகலைப் போட்டேன்.

பக்கம் வந்தது. தாய் இராஜம்மா, பெண் குழந்தை, நர்ஸின் கையெழுத்து. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். இராஜம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்.

“இன்னொண்ணு எடுத்துத் தருவீங்களாம்மா? கோத்தகிரில தங்கச்சி ஊட்டுல குடுத்து வச்சிருவேன். எங்கம்மா எல்லாக் காயிதத்தையும் ஒரே பெட்டில வச்சுக் கொண்டாந்தாங்க. மண்டபம் கேம்ப்புல எறங்கயில அந்தப் பெட்டியே காணாமப் போச்சு.”

மேனேஜர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

இத்தனை வருடத்தில் நான் கற்றது இராஜம்மா சொன்ன அதேதான். இரண்டு நகல், இரண்டு இடம். மேலே இருப்பவர் கத்தினாலும் கடைசிப் பிரதியை அழுக்கு டிரைவில் போடாதீர்கள்.

மறுநாள் மெமோ வந்தது. அதற்கும் நகல் எடுத்தேன். ஒன்று ஆபீஸ் பீரோவில், இன்னொன்று என் வீட்டில்.