மொட்டைச் செடிகள் காட்டிய வழி

எங்கள் ஊரை ஒட்டிய ஹுர்ட்கன் காட்டை யாராவது அழகு என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போரின் கடைசிக் குளிர்காலத்தில் அமெரிக்கர்களும் எங்கள் ஜெர்மன் ஆட்களும் அதற்குள் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டு செத்தார்கள். நாங்கள் ஊர் திரும்பியபோது மரங்கள் தலையில்லாமல் நின்றன. மரத்துக்குள்ளே குண்டுச் சில்லு கிடக்கும், ரம்பம் உடையும் என்று மரம் அறுக்கும் ஆலைக்காரன் சும்மா கொடுத்தாலும் வாங்க மறுத்தான். கரிந்த மண்ணில் நீலப்பழச் செடி மட்டும் வெட்கமில்லாமல் செழித்தது.

பக்கத்து வீட்டு ட்ரினா அந்தப் பழத்தை நகரத்துப் பெண்களிடம் கொடுத்துப் பன்றிக்கொழுப்பு வாங்கித்தான் குடும்பத்தை ஓட்டினாள். வாயாடி. அவள் புருஷன் தைஸுக்குப் பீரங்கிச் சத்தத்தில் இரண்டு காதும் போய்விட்டன. "நல்லதாப் போச்சு, நான் திட்டுறது கேக்காது" என்பாள். ஆனால் சாப்பாட்டில் அவனுக்குத்தான் பெரிய பங்கு.

காட்டில் இன்னும் புதைந்து கிடந்த கண்ணிவெடிக்குப் பயந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாரோ பறித்துவிட்டுப் போன மொட்டைச் செடியின் அருகில்தான் கால் வைப்போம். அங்கே மனிதக் கால் பட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். எச்சரிக்கைப் பலகை எதுவும் மிச்சமில்லை. போர் முடிந்தபின் வந்த கொடுங்குளிரில் அவற்றைப் பிடுங்கி அடுப்பில் வைத்தவர்கள் நாங்களேதான், யாரைக் குறை சொல்ல?

நாற்பத்தேழாம் ஆண்டுக் கோடையில் ஒருநாள் ட்ரினா மொட்டைச் செடிகளையே அடையாளமாக வைத்து, வழக்கத்தைவிட உள்ளே போய்விட்டாள். அப்படியும் இப்படியும் திரும்பிப் பறித்துக்கொண்டிருந்தவளின் கணுக்காலில் ஏதோ உரசியது. மெல்லிய கம்பி. அது போய்ச் சேர்ந்த இடத்தில், மண்ணுக்கு மேலே நீட்டிய, கண்ணிவெடியின் துருப்பிடித்த மூன்று முட்கள். அப்போதுதான் பக்கத்துச் செடியை உற்றுப் பார்த்தாள். நாங்கள் பழத்தைச் சீப்பால் வாரி எடுப்போம், நுனி அப்படியே இருக்கும். இதில் நுனியெல்லாம் கடித்திருந்தது. அடியில் புழுக்கை.

"மாதாவே! மான் மேய்ஞ்சதை நம்பியா இவ்வளவு தூரம் வந்தேன்!"

வந்த தடமும் தெரியவில்லை. மிதித்த செடிகள் நிமிர்ந்துவிட்டன. உட்காரக்கூடப் பயம். வாளியைக் கீழே வைக்கவும் பயம். ஈ மொய்த்தது, விரட்டக் கை வரவில்லை. "உயிர்ப் பயமாவது பரவாயில்லடி, ஒண்ணுக்கு முட்டினதுதான் தாங்கல. நின்ன இடத்துலயே போயிட்டேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணிவெடி எடுக்கிறவர்கள் யாராவது வருவார்கள் என்று காத்திருந்தாள். பொழுது சாயும்போது வந்தது தைஸ். அவளைத் தேடிக்கொண்டு காட்டோரத்தில் நின்றவன், அவளைக் கண்டதும் சிரித்தான். மொட்டைச் செடிகளையும் கண்டான். வேறென்ன வேண்டும்? வழி நல்ல வழிதான் என்று உள்ளே காலை வைத்துவிட்டான்.

"வராதே! அங்கேயே நில்லு! அட மனுஷா, நில்லு!"

தொண்டை கிழியக் கத்தினாள். கையை நீட்டித் தடுத்தாள். மாலை வெயில் அவன் கண்ணில் அடித்தது. கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவனும் கையை ஆட்டிவிட்டு, செடிக்குச் செடி தாவி வந்துகொண்டேயிருந்தான்.

பாவி மகள், நடந்தாள். கம்பியைத் தாண்டி, அவனை நோக்கி, நேராக. கீழே பார்க்கவேயில்லை. வெடித்தால் தன் காலுக்கடியில் வெடிக்கட்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போய், ஓரத்திலேயே அவனை மறித்து, ஓங்கி ஓர் அறை விட்டாள். பிடரியைப் பிடித்துச் சாலைக்குத் தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் பிடியை விட்டாள்.

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு முழித்தான். அவள் உதட்டை அசைத்துக் காட்டினாள்: கண்ணிவெடி. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"பைத்தியமாடி உனக்கு?" செவிடன் அல்லவா, ஊருக்கே கேட்கக் கத்தினான். "தெரிஞ்சும் ஏன்டி நடந்தே? அங்கேயே நின்னிருக்க வேண்டியதுதானே!"

அவன் உதட்டைப் படிக்கவேண்டும் என்பதற்காக அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நான் நின்னேன். நீ நிக்கலையே."